ஏற்றம் முதல் பம்புசெட் வரை: உள்ளே இடம் மாறினால் வெளியே தண்ணீர் குறையும்

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு வந்தால் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், புதுப்பட்டினம் என்று அடுத்தடுத்து ஊர்கள். மணற்பாங்கான பூமி. சவுக்கும் தென்னையும் வேர்க்கடலையும் விளையும். கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் மேலாகவே கிடைக்கும். அந்தத் தண்ணீர்தான் அங்கே உயிர். ஏனென்றால் அதற்குக் கீழேயும் பக்கத்திலேயும் உப்புத் தண்ணீர் காத்துக்கொண்டிருக்கிறது.

புதுப்பட்டினத்துப் பக்கம் ஒரு பெரியவர். கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, மூன்று குதிரைத் திறன் மோனோபிளாக் பம்பு. ஒரு கோடையில் என்னைப் பார்த்து, "என்னங்க, மோட்டார் பாட்டுக்கு ஓடுது, தண்ணி மட்டும் வரமாட்டேங்குது. கிணறு வத்திப்போச்சு போல. இன்னும் அஞ்சு அடி ஆழப்படுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். கையில் பணம் இல்லை. வீட்டு அம்மாள் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதாகப் பேச்சு. நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? அது பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எப்படி என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். ஆனால் அது விளங்க வேண்டுமானால், இந்தப் பம்பு நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஏற்றமும் கவலையும்

நம் செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளுக்குப் பேர்போனது. மதுராந்தகம் ஏரியைத் தெரியாதவர் யார்? ஏரி நிரம்பினால் மதகைத் திறந்துவிடலாம், தண்ணீர் தானாகப் பாயும். ஏரி வற்றினால் கிணற்றுப் பாசனம்தான். அதை இறவைப் பாசனம் என்றார்கள். ஏற்றம் கட்டி இறைப்பார்கள். நீண்ட துலா மரத்தின்மேல் ஒருவர் இருவர் முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே நிற்பவர் சாலைப் பிடித்துத் தண்ணீரைச் சாய்ப்பார். மாடு உள்ளவர்கள் கவலை ஓட்டுவார்கள். இரண்டு மாடும் சரிவில் இறங்கும்போது தோல் பறியோடு தண்ணீர் மேலே வரும்.

அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சாலில் ஓட்டை விழுந்தால் ஒழுகுவது தெரியும். பறி கிழிந்தால் தெரியும். துலா மரம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஏற்றக்காரர் காலிலேயே தெரியும். உடனே இறக்கித் தச்சரிடமோ சக்கிலியரிடமோ கொடுத்துச் சரிசெய்வார்கள். பம்பு வந்த பிறகு அந்தச் சௌகரியம் போய்விட்டது. இரும்புக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. சத்தம் மட்டும்தான் கேட்கிறது. சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எஞ்சின் வந்தது

நம் மாகாணத்தில் யந்திர விவசாயத்தைச் சோதித்துப் பார்க்க 1865-ல் சைதாப்பேட்டையில் ஓர் அரசுப் பண்ணை ஏற்பட்டது. சைதாப்பேட்டை அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சீமையிலிருந்து வந்த கலப்பைகளும் மற்ற கருவிகளும் அங்கே பரீட்சை செய்யப்பட்டன. அந்தப் பண்ணையை ஒட்டி வளர்ந்த விவசாயக் கல்லூரிதான் பிற்பாடு கோயம்புத்தூருக்கு மாறியது.

இறவைப் பாசனத்தில் எஞ்சினும் பம்பும் பயன்படுமா என்று விடாமல் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். அப்போது அந்தக் கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்குப் போனது 1920-ல்தான். அலுமினியப் பாத்திரத் தொழில், குரோம் தோல் பதனிடுதல் என்று இந்த மாகாணத்தில் பல தொழில்களை ஊன்றியவர் அவர். கவலை எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்த்தார். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சினோடு சுழல் பம்பை இணைத்துக் கிணறுகளில் சோதனை நடத்தினார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே மெல்ரோசாபுரத்தில், மிஷன் குடியிருப்பின் கிணற்று நிலத்தில் நடந்தது அப்படிப்பட்ட ஆரம்பச் சோதனைகளில் ஒன்று. ஆக, நம் மாநிலத்துப் பம்புசெட்டின் பூர்வ கதையில் செங்கற்பட்டு மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தச் சோதனைகளில் ஒரு பாடம் முதலிலேயே தெரிந்துபோயிற்று. கவலையானால் கிணறு ஊறுவதற்கும் மாடு இழுப்பதற்கும் ஒத்துப்போகும். எஞ்சின் அப்படியல்ல. சின்னக் கிணற்றைச் சில மணி நேரத்தில் காலி பண்ணிவிடும். எனவே கிணற்றின் ஊற்றுக்குத் தக்க பம்பு வேண்டும், பம்புக்குத் தக்க எஞ்சின் வேண்டும். இந்த வரிசையை இன்றும் பலர் தலைகீழாகத்தான் செய்கிறோம். முதலில் மோட்டார் வாங்குகிறோம், அப்புறம் கிணற்றைப் பார்க்கிறோம்.

சாயத்தொழில்காரர் செய்த பரீட்சை

இந்தச் சுழல் பம்பு எங்கிருந்து வந்தது? பிரான்சு நாட்டில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்த டெனி பாப்பின் என்பவர் 1689-ஐ ஒட்டி இதன் ஆரம்ப வடிவத்தை அமைத்தார். நீராவிச் சமையல் பாத்திரம், அதாவது இன்றைய குக்கருக்கு மூதாதை, அதையும் செய்தவர் இவர்தான். அவருடைய பம்பில் ஒரு சக்கரம், அதில் நேரான தகடுகள். சக்கரம் சுழலும்போது தண்ணீர் ஓரத்துக்கு வீசியெறியப்படும். ஈரத் துணியைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்கிறதே, அதே சங்கதிதான். 1818-ல் அமெரிக்காவின் மாசச்சூசட்ஸ் பகுதியில் இதே மாதிரியான பம்புகள் வந்தன. ஆனாலும் ரொம்ப நாள் வரைக்கும் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. போட்ட சக்தியில் பெரும்பகுதி வீணாயிற்று.

திருப்பம் வந்தது 1851-ல், லண்டன் மாநகரத்தில் நடந்த பெரிய பொருட்காட்சியில். அங்கே ஜான் ஜார்ஜ் ஆப்போல்டு என்பவர் ஒரு பம்பை வைத்தார். அவர் தொழில்முறைப் பொறியாளர் அல்ல. மிருக ரோமத் தோலுக்குச் சாயம் போடும் தொழில் செய்தவர். அவருடைய பம்பில் இருந்த விசேஷம், சக்கரத்தின் தகடுகள் நேராக இல்லாமல் பின்பக்கமாக வளைந்திருந்தன. அவ்வளவுதான். ஆனால் பரீட்சை செய்து பார்த்தபோது விளைவு பெரிதாக இருந்தது. தகடுகளை மையத்திலிருந்து நேராக வைத்தால் நூற்றுக்கு 24 பங்கு சக்திதான் தண்ணீரைத் தூக்கப் பயன்பட்டது. நேரான தகட்டைச் சாய்த்து வைத்தால் 43 பங்கு. வளைந்த தகடு வைத்தால் 68 பங்கு.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே பொருட்காட்சி, அதே வேலை. மாறியது உள்ளே இருந்த தகட்டின் நிலை மட்டும். அதற்கே 24-க்கும் 68-க்கும் உள்ள வித்தியாசம்! அந்தப் பொருட்காட்சியோடு சுழல் பம்பின் மதிப்பு உயர்ந்தது. இங்கிலாந்தில் விட்டில்சீ மியர் என்ற பெரிய ஏரியை வடித்து விளைநிலமாக்கும் வேலைக்கு ஆப்போல்டின் பம்பையே பயன்படுத்தினார்கள்.

பிறகு 1875-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு ஆங்கில அறிஞர், சுழலும் சக்கரத்தைச் சுற்றிலும் அசையாத வழிகாட்டித் தகடுகளை அமைத்துப் பேடன்ட் உரிமை பெற்றார். சக்கரத்தை விட்டு வேகமாக வெளிவரும் தண்ணீரை முரட்டுத்தனமாகச் சுவரில் மோதவிடாமல், வழிகாட்டி அழைத்துப்போய் வேகத்தை அழுத்தமாக மாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் பம்பில் அடுக்கடுக்காக இருக்கிறதே, அவற்றில் இந்தத் தத்துவம்தான் வேலை செய்கிறது.

ஆக, சுழல் பம்பின் வரலாறு முழுக்க ஒரே கேள்விதான்: உள்ளே எது, எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும்?

கோயம்புத்தூர் கை கொடுத்தது

ஆரம்பத்தில் பம்பு, எஞ்சின் எல்லாம் கப்பலில் வந்தன. ஒரு சாமான் உடைந்தால் மாற்றுச் சாமானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நிலைமையை மாற்றியது கோயம்புத்தூர். பஞ்சாலைகளுக்கு வார்ப்பு வேலை செய்துவந்த பட்டறைகள் விவசாயிகளின் பம்பையும் வார்க்கத் தொடங்கின. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-ல் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கியதும் கோவைப் பக்கத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் வந்தது. மின்சார மோட்டாரும் பம்பும் உள்ளூரிலேயே தயாராகி, இன்றைக்கு நாடு முழுவதும் பம்பு என்றால் கோயம்புத்தூர் என்று சொல்லும் நிலை ஏற்பட்டிருக்கிறது.

1957-ல் மின்சார வாரியம் அமைந்த பிறகு கிராமம் கிராமமாகக் கம்பி போயிற்று. ஏற்றமும் கவலையும் மெல்ல மெல்ல மறைந்தன. 1966-க்குப் பிறகு குட்டை ரக நெல் வந்தபோது, வேண்டிய நாளில் வேண்டிய தண்ணீர் என்பது கட்டாயமாயிற்று. பம்புசெட் இல்லாத கிணறே இல்லை என்ற காலம் வந்தது.

அந்த மின்சாரத்துக்கு நம் விவசாயிகள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்ந்தது என்று கோவை மாவட்டத்தில் கிளர்ச்சி நடந்தது. அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று.

ஒரு பைசாவுக்குக் கணக்குப் பார்த்த காலத்தில் பம்பு வீணாக்கும் மின்சாரத்தையும் ஓரளவு கவனித்தோம். இலவசம் வந்ததும் அந்தக் கவனம் தளர்ந்துபோனது. "கரண்ட் ஓசிதானே, ஓடட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மும்முனை மின்சாரம் கிடைப்பது குறிப்பிட்ட சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் பம்பு அரைத் தண்ணீர் கொடுத்தால், கடைசிப் பாத்தி காய்கிறது. இழப்பு மின்சார வாரியத்துக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

கூட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்

இனி பம்பைத் திறப்போம். உள்ளே நடுவில் இருப்பது சுழல் சக்கரம். இம்பெல்லர் என்கிறோம். அதன் நடுவில் ஒரு வாய். அதைச் சுற்றி நத்தைக் கூடு போல ஒரு வார்ப்புக் கூடு. நத்தைக் கூடு ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் அகன்று போகிறதல்லவா, அப்படித்தான் இதுவும். குறுகலான இடத்தில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதை நாக்கு என்பார்கள்.

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் சக்கரத்தின் வாயில் அழுத்தம் குறைகிறது, கிணற்றுத் தண்ணீரின் மேல் உள்ள காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. காற்றால் அதிகபட்சம் பத்து மீட்டர் சுமாருக்குத்தான் தண்ணீரை ஏற்ற முடியும். குழாய் உராய்வு, ஃபுட் வால்வு எல்லாம் போக நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர்தான் நம்பலாம். அதனால்தான் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கினார்கள் நம் பெரியவர்கள்.

வாய்க்குள் வந்த தண்ணீரைச் சக்கரம் ஓரத்துக்கு வீசுகிறது. ஓரத்தில் அழுத்தம் அதிகம், வாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஓடுவதுதான் தண்ணீரின் குணம். சந்து கிடைத்தால் போதும், ஓரத்தில் இருக்கும் தண்ணீர் திரும்பி வாய்க்கே ஓடிவந்துவிடும். மறுபடி சக்கரம் அதை வீசும், மறுபடி திரும்பி வரும். மோட்டார் உழைக்கும், மீட்டர் ஓடும், வாய்க்காலில் மட்டும் தண்ணீர் இருக்காது.

அந்தச் சந்தை அடைப்பதற்காக வைத்திருப்பதுதான் வாய் வளையம். வேர் ரிங் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சக்கரத்தின் வாய் விளிம்புக்கும் இந்த வளையத்துக்கும் நடுவே, நம் விவசாயப் பம்புகளில் புதிதில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு தபால் அட்டையின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரசவும் கூடாது, ஒழுகவும் கூடாது. தேய்ந்து தேய்ந்து இந்த இடைவெளி இரண்டு மடங்கானால் வளையத்தை மாற்றிவிட வேண்டும் என்பது பம்பு வேலை தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் வழக்கம். பெரிய பம்பைவிடச் சின்னப் பம்புக்குத்தான் இதனால் நஷ்டம் அதிகம். இறைக்கும் தண்ணீரே கொஞ்சம் என்கிறபோது, ஒழுகும் பங்கு பெரிதாகிவிடுகிறது. கடற்கரைக் கிணறுகளில் தண்ணீரோடு நுண்மணலும் வரும். அந்த மணல் இந்தச் சந்தில் புகுந்து வளையத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். எனவே புதுப்பட்டினத்து விவசாயி, களிமண் பூமி விவசாயியைவிடச் சீக்கிரம் வளையத்தைப் பார்க்க வேண்டும்.

இடம் மாறும் ஐந்து விஷயங்கள்

முதலாவது, சக்கரம் கூட்டின் நடுவில் இருப்பது. சக்கரத்தின் ஓரத்தில் தண்ணீர் வெளியேறும் இடுக்கும், கூட்டுக்குள் இருக்கும் பள்ளமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்ப் பட்டறைகளில் தவறு நடக்கிறது. பம்பைப் பிரித்துப் பூட்டும்போது மெல்லிய காகித கேஸ்கெட்டுக்குப் பதில் கைக்குக் கிடைத்த தடித்த ரப்பரை வெட்டி வைத்துவிடுகிறார்கள். வெளியே ஒழுக்கு நின்றுவிடும், சந்தோஷம். ஆனால் அந்த ரப்பரின் கனம் அளவுக்குக் கூடு முன்னே நகர்ந்துவிடுகிறது. சக்கரத்தின் வாய் விளிம்பு வளையத்தை விட்டுப் பின்னே வந்துவிடுகிறது. வெளியே ஒழுகியது நின்று உள்ளே ஒழுகத் தொடங்குகிறது. முன்பக்கத் தகடு மூடாத திறந்த சக்கரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்குக் கூட்டின் சுவர்தான் மூடி. சுவரை விட்டுச் சக்கரம் விலகினால், தகட்டின் மேலேயே தண்ணீர் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது, நான் சொன்ன வாய் வளையம். சில சக்கரங்களில் பின்பக்கமும் ஒரு வளையம் உண்டு. அது தேய்ந்தால் பின்பக்க அழுத்தம் கூடி, சக்கரத்தை முன்னே தள்ளும். பேரிங் சீக்கிரம் போய்விடும். பேரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் வியாதி தீராது.

மூன்றாவது, நாக்கு. சக்கரத்தின் ஓரத்துக்கும் நாக்குக்கும் நடுவே, சக்கரத்தின் குறுக்களவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு இடைவெளி இருப்பது பொதுவான முறை. ரொம்ப நெருங்கினால் ஒவ்வொரு தகடும் கடக்கும்போது தண்ணீர் மோதிச் சத்தமும் அதிர்ச்சியும் உண்டாகும். ரொம்ப விலகினால், வெளியே போக வேண்டிய தண்ணீர் நாக்கைத் தாண்டி மறு சுற்றுக்குப் போய்விடும். பழைய சக்கரம் உடைந்துவிட்டது என்று வேறொரு கம்பெனியின் சிறிய சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சக்கரத்தின் குறுக்களவு குறைந்தால், தண்ணீரைத் தூக்கும் உயரம் அதன் வர்க்கப்படி குறையும். குறுக்களவு நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், உயரம் ஏறக்குறைய பத்தொன்பது குறைந்துபோகும்.

நான்காவது, கிளாண்ட். தண்டு கூட்டைவிட்டு வெளிவரும் இடத்தில் கிராஃபைட் கயிறு சுற்றுகிறோம் அல்லவா, அதற்கு நடுவில் சில பம்புகளில் ஒரு துளையிட்ட வளையம் இருக்கும். லேண்டர்ன் ரிங் என்று பெயர். கூட்டிலிருந்து ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் வந்து இந்த வளையத்தில் நிறைந்து, வெளிக்காற்று உள்ளே நுழையாமல் தடுக்கும். வளையம் அந்தத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். கயிற்றை ஒரு சுற்றுக் கூடுதலாகத் திணித்தால் வளையம் நகர்ந்து துளை அடைபட்டுப்போகும். காற்று உள்ளே போகும். பம்பு விட்டு விட்டுத் தண்ணீர் தள்ளும். சிலர் அந்த வளையத்தை "இது எதுக்கு" என்று தூக்கி எறிந்தே விடுகிறார்கள்! இன்னொன்றும் சொல்கிறேன். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது குற்றமல்ல, அதுதான் கயிற்றுக்குக் குளிர்ச்சி. ஒரு சொட்டும் வரக்கூடாது என்று இறுக்கினால் தண்டுதான் தேயும்.

ஐந்தாவது, திசையும் நேர்க்கோடும். ஆப்போல்டு கண்ட வளைந்த தகடு, சுழலும் திசைக்குப் பின்பக்கம் வளைந்திருக்க வேண்டும். மும்முனை மின்சாரத்தில் கம்பி மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் தண்ணீர் கொஞ்சம் வரும், அதனால் ஏமாந்துபோவோம். கூட்டின்மேல் அம்புக்குறி போட்டிருப்பது அதற்காகத்தான். மோட்டாரும் பம்பும் தனித்தனியாக இருந்து கப்ளிங்கில் இணைந்தால், இரண்டு தண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் சக்கரம் உள்ளே ஆடும், ஒரு பக்கம் உரசும், மறு பக்கம் இடைவெளி விரியும்.

இவற்றோடு வெளி விஷயங்களும் உண்டு. நெருக்கமான ஃபுட் வால்வு, குறுகிய குழாய், தேவையில்லாத வளைவு இவையெல்லாம் தண்ணீரைத் தின்னும். விவசாயப் பம்புக்கு 1972-லேயே இந்திய தரக் குறியீடு வந்தது. குழாய், வால்வு எல்லாம் சேர்த்து எப்படி அமைப்பது என்று 1986-ல் இன்னொரு வழிகாட்டி வெளியாயிற்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது மட்டும் போதாது, பூட்டுவதும் சரியாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பம்புகள்

புதுப்பட்டினத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. பக்கத்திலேயே கல்பாக்கம். அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் என்ற உலோகம் ஓடுகிறது. அதை ஓட்டுவதும் நம் கிணற்றில் உள்ள அதே இனத்துச் சுழல் பம்புதான், செங்குத்தாக நிற்கும். அடியில் உள்ள தாங்கிக்கு எண்ணெய் போட முடியாது. ஓடும் சோடியமே மெல்லிய இடுக்கில் புகுந்து தண்டைத் தாங்குகிறது. அங்கே இடைவெளி ஒரு மயிரிழை மாறினாலும் விடமாட்டார்கள். நம் கிணற்றுப் பம்புக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு தபால் அட்டைக்குக் கணக்குப் பார்த்தால் போதும்.

கடலடியில் சுமார் 468 மீட்டர் சுரங்கம் வழியாகக் கடல்நீரை எடுத்து ஓட்டும் பெரிய பம்புகளும் அங்கே அணுமின் நிலையத்தில் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தப் பம்பு நிலையத்தில் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. எவ்வளவு பெரிய நிலையமானாலும் பம்பு நின்றால் வேலை நின்றது. நம் ஒரு ஏக்கருக்கும் அதே நியாயம்தான்.

பெரியவர் கிணற்றில் நடந்தது

மறுபடி பெரியவரிடம் வருவோம். முதலில் ஒரு பரீட்சை செய்தோம். 200 லிட்டர் பீப்பாயைக் குழாய் வாயில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். நிறைய 48 வினாடி ஆயிற்று. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பம்பைத் திறந்தோம். லாரி டியூப் ரப்பரில் வெட்டிய கேஸ்கெட் உள்ளே இருந்தது. போன தடவை பிரித்தவர் கைவரிசை. சக்கரத்தின் வாய் பாதி வெளியே நின்றது. வளையத்தில் மணல் அறுத்த கோடுகள், விரல் நகம் இறங்குகிற அளவுக்கு. புது வளையம் போட்டு, மெல்லிய காகித கேஸ்கெட் வைத்து, கையால் சுற்றிப் பார்த்து உரசவில்லை என்று தெரிந்துகொண்டு பூட்டினோம். அதே பீப்பாய், அதே தண்ணீர் மட்டம். 32 வினாடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு வினாடிக்கு நாலு லிட்டருக்குச் சற்று மேல். பின்பு ஆறேகால் லிட்டர். ஒன்றுக்கு ஒன்றரையாகத் தண்ணீர் வந்தது. வளையத்தின் விலையும் கூலியும் எங்கே, கிணறு வெட்டும் செலவு எங்கே? பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டு அம்மாள்தான், "நல்லவேளை, சங்கிலி கழுத்திலேயே கெடக்குது" என்றார்.

பணம் மிச்சமானது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் நினைத்தபடி ஐந்து அடி ஆழப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடற்கரை பூமியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. ஆழப்போகப் போக, அளவுக்கு மிஞ்சி இறைக்க இறைக்க, உப்பு மேலே ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு லேசில் திரும்பாது. தேய்ந்த வளையத்தின் குற்றத்தைக் கிணற்றின்மேல் போட்டு, நல்ல கிணற்றையே கெடுத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே பெருமக்களே, நான் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயம். புதுப் பம்பு மாட்டிய அன்றைக்கே பீப்பாய் நிறைய எத்தனை வினாடி என்று பார்த்து, மோட்டார் கொட்டகைச் சுவரில் தேதியும் தண்ணீர் மட்டமும் சேர்த்துப் பெயின்டில் எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மட்டத்தில் தண்ணீர் இருக்கும்போது, மறுபடி பாருங்கள். நேரம் ஏறியிருந்தால் கிணற்றைக் குறை சொல்லுமுன் பம்பைத் திறந்து வளையத்தையும் கேஸ்கெட்டையும் பாருங்கள். மூன்றாவது, பம்பு சரியாகி நிறையத் தண்ணீர் வந்துவிட்டது என்று கூடுதல் நேரம் ஓட்டாதீர்கள். பயிருக்கு வேண்டியது ஆனதும் நிறுத்திவிடுங்கள். கடலோரக் கிணற்றுக்கு அதுதான் ஆயுள்.

ஏற்றம் இறைத்த நம் பாட்டனார் ஒவ்வொரு சாலையும் எண்ணி இறைத்தார். யந்திரம் வந்தாலும் அந்த எண்ணிக்கைப் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டாம்.